நூற்றுக்கு எத்தனை? எதில் நூறு?

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தார் நடத்தும் நான்காம் தொகுதிப் பரீக்ஷையில், அதாவது குரூப் 4 என்று ஜனங்கள் வழங்கும் பரீக்ஷையில், கேள்விகள் 200, மார்க்குகள் 300, காலம் 3 மணி. கேள்வி ஒன்றுக்குச் சராசரி 54 விநாடிதான் கிடைக்கிறது. இவற்றுள் 100 கேள்விகள் தமிழ். 75 பொது அறிவு. மிச்சமுள்ள 25 கேள்விகள் கணக்கையும் புத்திக் கூர்மையையும் சோதிப்பவை. 200-ல் 25 என்றால் நமது பாட்டனார் பாஷையில் சரியாக அரைக்கால். அந்த அரைக்கால் பாகத்தில்தான் சதவிகிதம், விகிதம், வட்டி, வேலையும் காலமும் என்ற கணக்குகள் அடங்கியிருக்கின்றன. பத்தாம் வகுப்புப் படிப்பே இப்பரீக்ஷைக்குப் போதுமான தகுதியாகையால், கணக்குகளும் பள்ளிக்கூடத்துக் கணக்குகளே. அப்படியிருந்தும் பட்டம் பெற்ற வாலிபர்கள் பலர் இந்த இடத்தில் வழுக்கி விழுவதை நாம் கண்டு வருகிறோம்.

தேச காரியங்களைப் பற்றி எழுத வேண்டிய பக்கத்தில் பள்ளிக்கூடத்துக் கணக்குக்கு என்ன வேலை என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். அவர்களுக்கு மேற்படி பரீக்ஷையையே உதாரணமாகக் காட்டுகிறோம். 2024-ஆம் வருஷம் ஜூன் 9-ந் தேதி நடந்த பரீக்ஷைக்கு மனுச் செய்தவர்கள் 20 லக்ஷத்துக்கு மேற்பட்டவர்கள். முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. சுமார் 320 பேருக்கு ஓர் இடம். அதாவது ஒரு முந்திரி பாகம். ஆனால் மனுச் செய்தவர்கள் எல்லோரும் பரீக்ஷை மண்டபத்துக்கு வந்துவிடவில்லை. எழுதியவர்கள் 16 லக்ஷத்துக்குச் சற்றுக் குறைவு. இடங்களும் பிற்பாடு 9,000-க்கு மேல் உயர்த்தப்பட்டன. இவ்விரண்டையும் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 170 பேருக்கு ஓர் இடம் என்றாகிறது. ஒருவர் மேடையில் ஏறி 320-ல் ஒருவருக்குத்தான் வேலை என்கிறார். எதிர்க் கக்ஷிக்காரர் 170-ல் ஒருவருக்கு என்கிறார். இருவர் சொல்வதும் பொய்யல்ல. ஆனால் இருவரும் எதை முழுமையாக வைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்று கேட்கத் தெரியாத ஜனங்கள், குரல் பெரியவர் பக்கம் கை தட்டிவிட்டுப் போவார்கள். ஆகையால் இது வெறும் பரீக்ஷை விஷயமல்ல.

கணக்குத் தவறுவது கூட்டல் கழித்தல் தெரியாததனால் என்று பொதுவாக நினைக்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. தவறு நேருவது வாசிப்பதில். ஒரு வேஷ்டியின் விலை 500 ரூபாய். கடைக்காரர் நூற்றுக்கு 20 ஏற்றிப் பின்பு நூற்றுக்கு 20 தள்ளுபடி செய்கிறார். இப்போது விலை என்ன? ஏற்றியதும் இறக்கியதும் சமந்தானே, 500-தான் என்று மனம் முந்திக்கொண்டு சொல்லும். ஏற்றும்போது 500-ஐ நூறாக வைத்தோம். 100 ரூபாய் ஏறி 600 ஆயிற்று. இறக்கும்போதோ 600 அல்லவா நூறு? அதில் நூற்றுக்கு 20 என்றால் 120. ஆகவே விலை 480. ஆரம்பத்தைவிட நூற்றுக்கு 4 குறைவு. கீழே கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் 500 என்பதும் நிச்சயமாக இருக்கும். பரீக்ஷகர் அதைச் சும்மா எழுதி வைக்கவில்லை. மாணாக்கன் எந்தெந்த வழியில் தவறுவான் என்று முன்கூட்டி யோசித்து, ஒவ்வொரு வழியின் முடிவிலும் ஒரு விடையை நிறுத்தி வைக்கிறார். தாம் போட்ட தப்பான விடை அச்சிலேயே இருப்பதைக் கண்ட வாலிபர், தமது கணக்கு சரி என்று திருப்தியடைந்து அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். பாங்கி குமாஸ்தா, அதிகாரி பதவிகளுக்கான முதல்கட்டப் பரீக்ஷையில் 20 நிமிஷத்தில் 35 கணக்குகள். தப்பு விடைக்கு அக்கேள்வியின் மார்க்கில் கால் பங்கு பிடித்தமும் உண்டு. அங்கே இவ்விதத் திருப்தி இன்னும் விலை கூடியது.

இந்த வித்தை நமக்குப் புதிதன்று. 499-ஆம் வருஷத்தில் எழுதப்பட்ட ஆரியபடீயத்தில் திரைராசிகம் என்னும் மூன்று தொகைக் கணக்கின் விதி இருக்கிறது. 1150-ஆம் வருஷத்தைச் சேர்ந்த பாஸ்கரரின் லீலாவதியோ, கணக்கில் பெரும்பகுதியும் திரைராசிகத்தின் விரிவே என்று கருதுகிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் 100 பணத்துக்கு மாதம் ஒன்றேகால் பணம் வட்டி வாங்குவதை நியாயம் என்கிறது. நூற்றில் ஒன்றேகால் என்பது 80-ல் ஒன்று. தமிழர் அதற்குக் காணி என்று பெயர் வைத்திருந்தார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை ஓதிய பிள்ளைக்கு மா என்றால் 20-ல் ஒன்று, அதாவது நூற்றுக்கு 5. இருமா நூற்றுக்கு 10. நாலுமா நூற்றுக்கு 20. வீசம் நூற்றுக்கு ஆறேகால். அரைக்கால் நூற்றுக்குப் பன்னிரண்டரை. இன்று பயிற்சிக் கூடங்களில் பெருந்தொகை வாங்கிக்கொண்டு, சதவிகிதத்தைப் பின்னமாக மாற்றும் அட்டவணை என்று அச்சிட்டுக் கொடுக்கும் காகிதத்தில் இருப்பதும் பெரும்பாலும் இதுவே. இதைச் சொல்வதனால், எல்லாம் நம்மிடம் இருந்தது என்று மார்தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்பது நமது கருத்தன்று. பாட்டனாருக்குக் கணக்குத் தெரிந்திருந்தது என்பதற்காகப் பேரனுக்கு யாரும் மார்க் போடமாட்டார்கள்.

ஆனால் தமிழில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அதை நம் வாலிபர்கள் போதுமானபடி பயன்படுத்திக்கொள்வதில்லை. எதில் நூறு என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் வேற்றுமை உருபிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். முருகன் சம்பளம் கந்தன் சம்பளத்தைவிட நூற்றுக்கு 25 அதிகம் என்றால், "விட" என்ற சொல்லுக்கு முன் நிற்கும் கந்தன் சம்பளந்தான் நூறு. அப்படியானால் கந்தன் சம்பளம் முருகன் சம்பளத்தைவிட நூற்றுக்கு எத்தனை குறைவு? இப்போது "விட" முருகன் பக்கம் போய்விட்டது. ஆகையால் நூறும் அவர் பக்கம் போய்விட்டது. கந்தனுக்கு 100 என்றால் முருகனுக்கு 125, வித்தியாசம் 25, 125-ல் 25 என்பது நூற்றுக்கு 20. ரூபாய் மாறவில்லை, அளவுகோல் மாறிற்று. மாதம் 2,000 ரூபாய்க்கு அரிசி வாங்கும் குடும்பத்தில், கிலோ 50 ரூபாய் விற்ற அரிசி நூற்றுக்கு 25 ஏறி 62 ரூபாய் 50 காசு ஆனால், முன்பு 40 கிலோ வாங்கியவர்கள் இப்போது 32 கிலோதான் வாங்க முடியும். விலை ஏறியது நூற்றுக்கு 25. அரிசி குறைந்தது நூற்றுக்கு 20. முன் கணக்கும் இதுவும் ஒன்றேதான் என்று கண்டுகொண்டவருக்குப் பயிற்சிப் புத்தகத்தில் பாதிப் பக்கங்கள் மிச்சம்.

இதைவிட நுட்பமானது "ஆக" என்ற இரண்டெழுத்து. 500 ரூபாய்ப் பண்டம் 20 சதவிகிதம் குறைந்தது என்றால் 400. 20 சதவிகிதமாகக் குறைந்தது என்றால் 100. அவசரத்தில் வாசிப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். கேள்வி சொல்லாமலே விட்டுவிடும் வழக்கங்களும் உண்டு. லாபம் என்றால் வாங்கிய விலையில். தள்ளுபடி என்றால் குறித்த விலையில். 800 ரூபாய்க்கு வாங்கியதற்கு நூற்றுக்கு 25 கூட்டி 1,000 என்று சீட்டு ஒட்டி, நூற்றுக்கு 10 தள்ளுபடி கொடுத்து விற்றால் லாபம் எத்தனை? 25-ல் 10 போக 15 என்பவர்கள் ஏராளம். விற்ற விலை 900. லாபம் 100 ரூபாய். 800-ல் 100, அரைக்கால், நூற்றுக்குப் பன்னிரண்டரை. 15-க்கும் பன்னிரண்டரைக்கும் நடுவிலிருந்த இரண்டரை எங்கே போயிற்று? கடைக்காரர் அசலுக்கு மட்டும் தள்ளுபடி கொடுக்கவில்லை. தாம் கூட்டி வைத்த 25-க்கும் சேர்த்துக் கொடுத்தார். 25-ல் நூற்றுக்கு 10 என்பது இரண்டரை.

இவ்விடத்தில் குறுக்குவழிகளைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு சதவிகிதங்களைக் கூட்டி, அவற்றின் பெருக்கத்தை 100-ஆல் வகுத்துச் சேர்த்துக்கொள் என்ற சூத்திரத்தைப் பிள்ளைகள் மந்திரம் போல் ஜபிக்கிறார்கள். சூத்திரத்தில் குற்றமில்லை. மேலே சொன்ன இரண்டரைதான் அதில் வரும் மூன்றாவது உறுப்பு. அது எங்கிருந்து வந்தது என்று அறிந்தவருக்குச் சூத்திரம் வேலைக்காரன், அறியாதவருக்கு எஜமானன். கேள்வியில் ஒரு சொல்லை மாற்றினால், தள்ளுபடிக்குப் பதிலாக 100 ரூபாய் கழிவு என்று போட்டால், எஜமானன் கைவிட்டுவிடுகிறான். 34 விநாடியில் ஒரு கணக்கு என்ற கொடுமையில் குறுக்குவழி வேண்டாம் என்று நாம் உபதேசிக்கவில்லை. நேர்வழி தெரிந்தவனே குறுக்குவழியில் இருட்டில் நடக்கலாம் என்கிறோம்.

விகிதக் கணக்கிலும் வியாதி இதுவே; பெயர் மாத்திரம் வேறு. அங்கே "நூறு" என்பதற்குப் பதில் "பங்கு". இருவர் வருமானம் 5-க்கு 4, அவர்கள் செலவு 7-க்கு 5, ஆளுக்கு 6,000 ரூபாய் மிஞ்சுகிறது, வருமானம் எவ்வளவு? வருமானத்தில் ஒரு பங்கும் செலவில் ஒரு பங்கும் ஒரே தொகை என்று வைத்துக்கொண்டால் 5 பங்கு வருமானத்தில் 7 பங்கு செலவு செய்தவன் மிச்சம் பிடித்தது எப்படி என்ற விநோதத்தில் போய் முடியும். வருமானப் பங்கு வேறு, செலவுப் பங்கு வேறு என்று பிரித்து எழுதினால் வருமானம் 20,000-மும் 16,000-மும், செலவு 14,000-மும் 10,000-மும் என்று வந்துவிடுகிறது. வருமானத்தில் பங்கு 4,000 ரூபாய். செலவில் 2,000 ரூபாய். கலப்புக் கணக்கில் பிடித்துக்கொள்ள வேண்டியது மாறாத பொருளை. 60 லிட்டரில் பாலும் தண்ணீரும் 2-க்கு 1. அது 1-க்கு 2 ஆவதற்கு எத்தனை தண்ணீர் ஊற்ற வேண்டும்? பால் 40 லிட்டர் என்பது மாறப்போவதில்லை. அதற்கு இருமடங்கு தண்ணீர் 80, இருப்பது 20, ஊற்ற வேண்டியது 60. பால்காரருக்கு இது தெரியும்; பரீக்ஷைக்குப் போகிறவருக்குத் தெரியாதிருப்பது நியாயமன்று.

மாறாத பொருள் எது என்ற இந்தக் கேள்வி காவிரிக் கரையில் வேறொரு ரூபத்தில் நிற்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பதம் நூற்றுக்கு 17-க்கு மேற்படக் கூடாது என்பது மத்திய சர்க்கார் விதி. மழை பெய்து கெடுத்த சில பருவங்களில் இது தளர்த்தப்பட்டிருக்கிறது. ஆயினும் பொதுவிதி 17. ஒரு குடியானவரிடம் 22 சதவிகித ஈரமுள்ள நெல் ஒரு டன் இருக்கிறது. களத்தில் காயப்போட்டு 17-க்குக் கொண்டுவந்தால் எடை எவ்வளவு குறையும்? 22-ல் 17 போக 5. ஆகவே டன்னுக்கு 50 கிலோ என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறோம். அது தவறு. காய்வதனால் போவது தண்ணீர்; அரிசியும் உமியும் அப்படியே இருக்கின்றன. 1,000 கிலோவில் தண்ணீர் 220 போக உலர்ந்த பொருள் 780 கிலோ. காய்ந்த பிறகு அந்த 780 கிலோவே மொத்தத்தில் நூற்றுக்கு 83 ஆகிறது. 780-ஐ 100-ஆல் பெருக்கி 83-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 940 கிலோ. குறைந்தது 60 கிலோ; 50 அல்ல. 22 என்பது ஈர நெல்லில் நூற்றுக்கு 22. 17 என்பது காய்ந்த நெல்லில் நூற்றுக்கு 17. நூறு வேறாயிருக்க, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க யார் உத்தரவு கொடுத்தார்கள்? 10 டன் அறுத்தவருக்கு இந்தத் தவறு 100 கிலோ நெல். ஈரத்தோடு தனி வியாபாரியிடம் மலிவாய்த் தள்ளிவிடுவதா, நாலு நாள் காயவைத்து நிலையத்துக்குக் கொண்டுபோவதா என்று தீர்மானிக்க வேண்டியவர் இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டாக வேண்டும். பரீக்ஷையில் இதே கணக்கு திராக்ஷைப் பழமாகவும் உலர்ந்த திராக்ஷையாகவும் வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது.

பொதுக் காரியங்களில் உழைக்கும் நண்பர்கள் தேர்தல் கணக்கில் இன்னும் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். 2 லக்ஷம் வாக்காளருள்ள தொகுதியில் நூற்றுக்கு 70 பேர் வாக்களித்து, அதில் நூற்றுக்கு 40 பெற்று ஒருவர் ஜெயிக்கிறார். அவருக்குக் கிடைத்தவை 56,000 வாக்குகள். தொகுதியின் வாக்காளர்களில் இது நூற்றுக்கு 28. தொகுதியில் 40 சதவிகிதம் பேர் எம் பக்கம் என்று அவர் பேசினால் திருத்த வேண்டியது நம் கடமை. நம் கக்ஷிக்காரரே அப்படிப் பேசினாலும் திருத்தத்தான் வேண்டும். ஒரு கக்ஷியின் பங்கு 20-லிருந்து 25 ஆனால், அது 5 புள்ளி உயர்வு. முன்பிருந்த பங்கில் நூற்றுக்கு 25 உயர்வு. எந்த எண் தமக்கு அனுகூலமோ அதையே பிரசாரகர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். டெபாசிட் தப்புவதற்குச் செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெற வேண்டும் என்பது சட்டம். அது பதிவான செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒன்றேயன்றி வாக்காளர் ஜாபிதாவில் ஆறில் ஒன்றன்று.

பரீக்ஷை எழுதும் வாலிபரின் தலைவிதியும் சதவிகிதத்தில் சதவிகிதமாகவே எழுதப்பட்டிருக்கிறது. தமிழ் வழியில் பயின்றவர்களுக்கு நேரடி நியமனங்களில் நூற்றுக்கு 20 முன்னுரிமை என்று 2010-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. இந்த 20 ஒவ்வொரு பிரிவின் பங்குக்குள்ளும் கணக்கிடப்படுவது. 500 இடங்களில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பங்கு நூற்றுக்கு 20 என்றால் 100. அந்த நூறில் நூற்றுக்கு 20 என்றால் அப்பிரிவில் தமிழ் வழியாருக்கு 20 இடங்கள். மொத்தத்தில் நூற்றுக்கு 4. தமக்கு எத்தனை இடம் என்பதைக்கூடத் தாமே கணக்கிட்டுக்கொள்ள முடியாதவர் தரகர்கள் வாயைப் பார்த்து நிற்க வேண்டியதுதான்.

வினாத்தாளின் பாஷையைப் பற்றியும் சொல்லாமலிருக்க முடியவில்லை. இங்கிலீஷில் கேள்வியை அமைத்துவிட்டுப் பின்பு தமிழாக்கும் வழக்கத்தால், மேலே சொன்ன "விட", "ஆக", "இல்" முதலிய சிறு உருபுகள் இடம் மாறிவிடுகின்றன. கணக்கின் உயிரே அவற்றில் இருக்கும்போது, மொழிபெயர்ப்பாளர் கை சற்றுத் தவறினால் கேள்வியே வேறாகிவிடும். சந்தேகம் வந்தால் இங்கிலீஷ் வடிவமே முடிவானது என்ற குறிப்பு தமிழ்நாட்டு வினாத்தாள்களில் பல வருஷங்களாக அச்சிடப்பட்டு வந்திருக்கிறது. 100 கேள்விகளால் தமிழறிவைச் சோதிக்கும் ஒரு பரீக்ஷையில், 25 கணக்குகளைத் தமிழிலேயே யோசித்துத் தமிழிலேயே அமைக்க ஆள் அகப்படவில்லையா என்று கேட்கிறோம். பாங்கி குமாஸ்தாப் பரீக்ஷைகளைத் தமிழ் உள்ளிட்ட 13 பிரதேச பாஷைகளிலும் நடத்த வேண்டுமென்று மத்திய நிதி இலாகா 2021-ல் சிபார்சு செய்தது. மத்தியப் போலீஸ் படைகளின் கான்ஸ்டபிள் பரீக்ஷையும் 2024 முதல் அவ்வாறே நடைபெறுகிறது. வாசல் திறந்திருக்கிறது, உள்ளே வரும் தமிழ் சுத்தமாயிருக்க வேண்டும்.

பயிற்சிக்கு நாம் சொல்லும் முறை செலவில்லாதது. பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு கணக்கையும் போடாமல், ஒவ்வொரு சதவிகிதத்துக்கும் பக்கத்தில் எதில் நூறு என்று மட்டும் எழுதிக்கொண்டு போக வேண்டும். ஒரு வாரம் இதைச் செய்த பிறகு கணக்குப் போட ஆரம்பிக்கலாம். வாசகசாலைகளிலும் கக்ஷிக் காரியாலயங்களிலும் மாலையில் கூடும் நண்பர்கள் பரீக்ஷைக்குப் போகாதவர்களாயினும் கீழ்க்கண்டதைப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு தேர்தலில் இருவர் போட்டியிட்டனர். பதிவான வாக்குகளில் நூற்றுக்கு 10 செல்லாதவை. வென்றவர் செல்லத்தக்க வாக்குகளில் நூற்றுக்கு 60 பெற்று 9,000 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். பதிவான வாக்குகள் எத்தனை? விடைகள்: 15,000, 25,000, 45,000, 50,000. இவற்றுள் 45,000 என்பதை யாருக்காக வைத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.